மலையை எதனால் அளப்பது?



கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில், கறிவேப்பிலைத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற காரமடையில் நின்று வடக்கே நோக்குங்கள். நீலகிரி மலைத்தொடர் நெடுஞ்சுவரென எழுந்து நிற்கும். மழை பெய்து ஓய்ந்த காலைப் பொழுதில் கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்றே தோன்றும். விடுமுறை வந்துவிட்டால் நம் இல்லத்து இளைஞர்களுக்கு அந்தத் தோற்றமே அழைப்பாகிவிடுகிறது. "ஆறு கிலோமீட்டர்தானே அத்தா, காலையில் போய் மதியம் வந்துவிடுவோம்" என்று கூறி நிற்கும் மகனுக்கு என்ன விடை சொல்வது? அனுப்புவதாயினும் தடுப்பதாயினும், அப்பாதையின் கடுமையை அளந்தறிந்து முடிவு செய்வதே பெற்றோர்க்கு அழகாகும்.

மலையைக் கிலோமீட்டரால் அளப்பதுதான் நம்மில் பலர் கொண்டுள்ள வழக்கம். அது சமவெளியின் அளவுகோல். மலைக்குரிய அளவுகோல், எவ்வளவு தூரத்தில் எவ்வளவு உயரம் ஏறுகிறோம் என்பதே. இதற்குச் சான்று நம் அருகிலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய மலை இரயில், கல்லாறு வரை ஏனைய இரயில்களைப் போலவே செல்கிறது. அதன்பின் சக்கரங்களின் பிடிப்பு மட்டும் போதாமையால், நடுவே பதித்த பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. அங்குள்ள மிகக் கடுமையான ஏற்றம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 12 அடி முன்னே சென்றால் 1 அடி உயரம்; அவ்வளவே!

இப்போது கோவைக்கு மேற்கேயுள்ள வெள்ளியங்கிரி மலையைப் பாருங்கள். பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழாம் மலை உச்சி வரை ஒருவழித் தூரம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். அதற்குள் ஏற வேண்டிய உயரமோ 1,000 மீட்டருக்கும் மேல். அதாவது 6 அடிக்கு 1 அடி, அல்லது அதனினும் கடுமை. இரும்பாலான எஞ்சினே பல் சக்கரம் வேண்டி நிற்கும் ஏற்றத்தைப் போல் இருமடங்கை மனிதனின் முழங்காலும் நெஞ்சும் தாங்க வேண்டியிருக்கிறது. 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் அம்மலை ஏறியவர்களுள் சிலர் வழியிலேயே உயிரிழந்தனர். இதய நோயும் மூச்சுக் கோளாறும் உடையோர் ஏற வேண்டா என வனத்துறை அறிவுறுத்தியது.

நேரத்தைக் கணிப்பதற்கும் ஓர் எளிய வழியுண்டு. ஸ்காட்லாந்து நாட்டு மலையேற்ற வீரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கு அது. 5 கிலோமீட்டர் தூரத்திற்கு ஒரு மணி நேரம். அத்துடன் 600 மீட்டர் ஏற்றத்திற்கு மேலும் ஒரு மணி நேரம். இதன்படி 6 கிலோமீட்டரும் 1,000 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு ஏறத்தாழ 3 மணி நேரம் வேண்டும். இதுவும் உடல் வலிமையுள்ளவர் ஓய்வின்றி நடந்தால்தான்! பழக்கமில்லாதவர்க்கு இருமடங்கு என வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

பள்ளியில் புவியியல் பாடத்தில் சமஉயரக் கோடுகளைப் படித்த பிள்ளைகள் உங்கள் இல்லத்தில் இருப்பார்கள். இந்திய நில அளவைத் துறையின் 50,000-க்கு 1 என்னும் அளவுடைய வரைபடத்தில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உயர வேறுபாடு 20 மீட்டர். 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். அந்த 2 சென்டிமீட்டருக்குள் உங்கள் பாதை 10 கோடுகளைக் கடந்து மேலேறினால் 200 மீட்டர் ஏற்றம். 5 அடிக்கு 1 அடி. கோடுகள் நெருங்க நெருங்க மலை செங்குத்தாகிறது. வீட்டிலிருந்தபடியே பிள்ளைகள் செய்து பார்க்கத்தக்க நல்ல பயிற்சி இது.

சரிவு மட்டுமே கடுமையன்று, பருவமும் சேர்ந்ததே. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து, 23 பேர் மாண்டனர். காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ மனிதரை விட விரைந்து ஏறும். அவ்விபத்திற்குப் பின்னர் அவ்வாண்டே தமிழக அரசு மலையேற்ற விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளை எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை எனப் பிரித்து, வழிகாட்டியுடன் செல்லவும் ஏற்பாடு செய்தது. காட்டுத்தீப் பருவத்தில் அவை மூடப்படுவதுண்டு. அனுமதியின்றி வனத்துள் நுழைவது சட்டப்படி குற்றம். நம் பகுதியிலோ யானைகள் நடமாடும் வனமும் ஆகும்.

இறக்கம் எளிது என்பதும் வீண் மயக்கமே. களைத்த தொடைகளும் உருளும் கற்களும் சேரும்போது கால் இடறுகிறது. ஆதலால் நேரத்தை உச்சியிலிருந்து கணக்கிடாமல் மாலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். மஃரிபுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக அடிவாரம் சேர வேண்டுமெனில் லுஹர் வேளையில் எங்கு நிற்க வேண்டும்? அவ்விடத்தை அடையவில்லையெனில், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள்.

உம்ரா செல்லும் நம் முதியோர்க்கும் இவ்வளவுகோல் பொருந்தும். மக்காவின் ஜபலுந் நூர் மலைக்கு ஏறும் வழி நீளத்தில் சிறிது; செங்குத்திலும் வெயிலிலும் பெரிது. ஹஜ், உம்ரா கடமைகளில் அம்மலை ஏறுதல் அடங்காது என்பதை முழங்கால் வலியுள்ள தாய்மார்கள் நினைவிற் கொள்வார்களாக.

எனவே மகன் மீண்டும் வந்து கேட்கும்போது நான்கு கேள்விகளை அவனிடம் கேளுங்கள். எவ்வளவு உயரம் ஏறுகிறாய்? தண்ணீரும் நிழலும் எங்கே உண்டு? எந்நேரத்தில் திரும்புவாய்? உங்கள் கூட்டத்தில் மிகவும் வலுக்குறைந்தவர் யார்? நான்காம் கேள்விக்குரியவரால் ஏற இயலுமோ, அதுவே அக்கூட்டத்திற்கு ஏற்ற மலை. நான்கிற்கும் தெளிவான விடை கூறும் பிள்ளையை மனநிறைவோடு துஆச் செய்து அனுப்பி வையுங்கள்.