மூத்தவாப்பாவின் ட்ராம் விளக்கு

எங்கள் மருதானை வீட்டில், பெரிய அலுமாரிக்கு மேலே ஒரு கறுத்த லாம்பு இருந்தது. நாலு பக்கமும் உருண்டைக் கண்ணாடி. ஒன்று சிவப்பு, மற்ற மூன்றும் பச்சை. அடியில் எதிலோ மாட்டுவதற்கான இரும்புக் கொளுவி. 2022இல் மணித்தியாலக் கணக்கில் மின்வெட்டு நடந்த நாட்களில், அதற்குள் மண்ணெண்ணெய் ஊற்றி ஏற்றினோம். சுவரில் சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் விழ, பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்தபடியே தூங்கிப் போவார்கள்.

"இது கொழும்பில் ஓடிய கடைசி ட்ராம்காரின் விளக்கு. 1960இல் ட்ராமை நிறுத்தியபோது மூத்தவாப்பா வாங்கி வந்தது" என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. மாமாமார் சொன்னார்கள், நாங்கள் நம்பினோம். எங்கள் பிள்ளைகளுக்கும் அப்படியே சொன்னோம்.

2023இல் உம்மாவின் கண்ணில் வெள்ளை படர்ந்து ஒப்பரேஷன் செய்ய வேண்டி வந்தது. கையில் காசில்லை. அந்த நேரம் பார்த்து, பழைய சாமான்கள் சேர்க்கும் ஒருவரைத் தம்பி கூட்டி வந்தான். அவர் லாம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நாங்கள் நினைத்தும் பார்க்காத ஒரு தொகையைச் சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை. "கொழும்பின் கடைசி ட்ராமுடையது, எங்கள் குடும்பத்தில் வழிவழியாக இருந்தது" என்று இரண்டு வரி எழுதி, வீட்டில் மூத்தவளான நான் கையெழுத்து வைக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார்.

கொடுக்கிற சாமானைச் சுத்தமாகக் கொடுப்போமே என்று லாம்பைக் கழுவ எடுத்தேன். தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்க்காமல், ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்தேன். நல்ல வேளை! கரி போனதும் மூடியைச் சுற்றி எழுத்துக்கள் தெரிந்தன. மகனைக் கூப்பிட்டேன். 'அட்லேக்', 'சிக்காகோ' என்று வாசித்தான். இன்னொரு பக்கத்தில் தகட்டிலேயே அழுத்திப் பதித்த 'பீ. ஈ. ஆர்.வை.' என்ற எழுத்துக்கள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. வெள்ளைக்காரன் இங்கிலாந்துச் சாமான் கொண்டு நடத்திய கொழும்பு ட்ராமுக்குச் சிக்காகோவில் என்ன வேலை?

இரத்மலானைப் புகையிரத வேலைத்தளத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார். அவரிடம் கொண்டு போனேன். பார்த்ததுமே தலையாட்டினார்.

"மகள், இது முன்னால் வெளிச்சம் அடிக்கிற விளக்கில்லை. வண்டித் தொடரின் கடைசிப் பெட்டியில், இரண்டு மூலையிலும் மாட்டுகிற அடையாள விளக்கு. சிவப்பு பின்னால் பார்க்கும், பச்சை முன்னாலும் பக்கத்திலும் பார்க்கும். தொடர் முழுசாக வந்துவிட்டது, நடுவில் கழன்று போகவில்லை என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். எங்கள் ட்ராம் ஒற்றைப் பெட்டியாகத் தெருவில் ஓடியது. அதற்கு எதற்கு இது?"

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "மின்சாரத்தில் ஓடும் வண்டிக்கு மண்ணெண்ணெய் லாம்பு எதற்கு, சொல்லுங்கள் பார்ப்போம்?" நான் முழித்தேன். அவரே சொன்னார். கூரையிலுள்ள தடி மேல் கம்பியிலிருந்து நழுவினால், ட்ராமின் விளக்கெல்லாம் அணைந்துவிடும். இருட்டில் நிற்கும் வண்டியைப் பின்னால் வேகமாக வருகிறவன் காண வேண்டுமே. அதனால்தான் அமெரிக்காவில் ஊர் விட்டு ஊர் ஓடிய மின்சார ட்ராம்களில் எண்ணெய் விளக்கையும் வைத்திருந்தார்கள்.

மகன் இரவிரவாகப் பழைய படங்களைத் தேடினான். 'அட்லேக்' என்பது அடம்ஸ் அன்ட் வெஸ்ட்லேக் என்ற கம்பனியின் சுருக்கப் பெயர். அமெரிக்க ரயில்களுக்கு விளக்குச் செய்து கொடுத்த பழைய கம்பனி. ஆனால் விளக்கு எங்கே செய்யப்பட்டது என்பது வேறு, எங்கே தொங்கியது என்பது வேறு. அதைச் சொல்பவை அந்தப் பதித்த எழுத்துக்கள். பசிபிக் எலெக்ட்ரிக் ரயில்வே என்பதன் சுருக்கம் அது. 1901இல் தொடங்கி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சுற்றி ஆயிரம் மைலுக்கு மேல் தண்டவாளம் போட்டு, சிவப்பு நிற ட்ராம்களை இரண்டு மூன்றாகக் கோத்து ஓட்டிய கம்பனி. அதன் கடைசிப் பயணிகள் பாதை மூடப்பட்டது 1961இல்.

வெள்ளிக்கிழமை வந்தது. "என்னத்துக்கு ராத்தா இதையெல்லாம் தோண்டுறீங்க? அவர் கேட்கிறதை எழுதிக் கொடுத்தா உம்மாட கண் தெளியும்" என்றான் தம்பி. அவன் சொன்னதில் நியாயம் இல்லையென்று என்னால் சொல்ல முடியவில்லை. பேனையைக் கையில் எடுத்தும்விட்டேன். ஆனால் பார்வை கொடுக்கப் போகிற காசைப் பொய்யில் சம்பாதிக்க மனம் இடங்கொடுக்கவில்லை. வந்தவரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "எழுத்தைத் தேய்த்துவிட்டால் யாருக்குத் தெரியும்?" என்றார். நான் லாம்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். தம்பி என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

அன்று இரவு உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பார் என்று பயந்தேன். அவரோ பொக்கை வாயால் சிரித்தார்.

"வாப்பா எப்ப சொன்னாரு அது நம்மட ட்ராம் எண்டு? அவர் துறைமுகத்துல கணக்கெழுதினவரு. அமெரிக்கக் கப்பல்ல வந்த ஒருத்தனுக்குத் தேயிலைப் பொட்டலம் குடுத்தாராம், அவன் இதைக் குடுத்தானாம். 'ட்ராம் விளக்கு' எண்டுதான் சொன்னாரு. கொழும்பு எண்டு சேர்த்தது உங்கட மாமாமார்."

"இதை ஏன் உம்மா இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"நீங்க யாரும் என்னட்டக் கேக்கல்லியே!"

அந்தச் சொல்தான் என்னை அதிகம் சுட்டது. தெரிந்தவர் வீட்டுக்குள்ளேயே இருக்க, நாங்கள் ஐம்பது வருடம் மாமாமாரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஒப்பரேஷன் நடந்தது. நானும் தங்கைகளும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம், கடைசியில் தம்பியும் தன் பங்கைக் கொண்டு வந்து தந்தான். கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த உம்மா, லாம்பை மடியில் வைத்துப் பதித்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இவ்வளவு சிவப்பா இது?" என்றார். பிறகு, துறைமுகத்திலிருந்து வாப்பா அதைக் கொண்டு வந்த நாளைத் தம்பியின் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினார். தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலும் ஏதாவது பழைய சாமான் இருக்கும். அதைப் பளபளக்கத் தேய்த்துவிடாதீர்கள். மூடியிலும் அடியிலும் எழுத்து இருக்கிறதா பாருங்கள். அது தகட்டிலேயே பதித்ததா, பிறகு ஒட்டியதா என்று கவனியுங்கள். கண்ணாடிகளின் நிறத்தையும் மாட்டும் கொளுவியையும் குறித்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

எங்கள் லாம்பின் கதையை நான் எழுதி வைத்துவிட்டேன். இந்த முறை கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.