நீர் மாத்திரை

சென்ற ஆண்டு வைகாசித் திங்களில் என் தாய்வழிப் பாட்டனாரை ஓர் உறவினர் திருமணத்திற்கு மதுரைக்கு அழைத்துச் சென்றேன். முன்னரே மாரடைப்பினால் இருதயம் நலிவுற்றவர் அவர். வழியில் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேருமென்றஞ்சி, "தம்பி, மூன்று நாளைக்கு நீர் மாத்திரை வேண்டாம், உன் அம்மையிடம் சொல்லாதே" என்றார். யானும் இசைந்தேன். பந்தியில் அப்பளமும் ஊறுகாயும் வேண்டுமட்டும் உண்டார்.

மூன்றாம் நாள் நள்ளிரவில் திடுக்கிட்டெழுந்து மூச்சுக்குத் தவித்தார். நெஞ்சினுள் நீர் குமிழியிடுவது போன்றதோர் ஒலி. உடலெங்கும் குளிர்ந்த வியர்வை. இருமலில் இளஞ்சிவப்பு நுரை. ஈளையென்றெண்ணி அவரைப் படுக்கவைக்க முயன்றோம். அவரோ எம் கைகளை விலக்கிக் கட்டிலோரத்தில் கால்களைத் தொங்கவிட்டு நிமிர்ந்தமர்ந்தார். அவர் செய்ததே சரியென்பதைப் பின்னரே அறிந்தேன்.

மருத்துவமனையில் அவரைச் சாய்ந்தமரச் செய்து பிராணவாயு அளித்தனர். நாவின்கீழ் நைட்ரோகிளிசரின் வைத்து, ஃபியூரோசமைடு ஊசி மருந்தை இரத்தநாளத்தில் செலுத்தினர். அரைமணி நேரத்திற்குள் சிறுநீர் பெருகிற்று. மூச்சும் மெல்லத் தணிந்தது.

மறுநாள் வைத்தியர் காரணத்தை விளக்கினார். நுரையீரலினின்று வரும் இரத்தத்தை உடலெங்கும் செலுத்துவது இருதயத்தின் இடப்பாகம். அது தளர்ந்தால் இரத்தம் பின்னே தேங்கும். நுண்குழாய்களில் அழுத்தம் மிகும். நீர் கசிந்து காற்றறைகளை நிரப்பும். மாரடைப்பு, மிகுந்த இரத்த அழுத்தம், வாதக்காய்ச்சலால் பழுதுற்ற வால்வு, சீரற்ற துடிப்பு ஆகியன இதற்கு ஏதுக்களாம். முன்னரே நலிந்த இருதயத்திற்கோ மிகையான உப்பும் விட்ட மருந்துமே போதும்.

ஃபியூரோசமைடு சிறுநீரகங்களைத் தூண்டி உப்பையும் நீரையும் வெளியேற்றும். நைட்ரோகிளிசரின் இரத்தக்குழாய்களை விரித்து இருதயத்தின் சுமையைக் குறைக்கும். இரத்த அழுத்தம் மிகத் தாழ்ந்தவர்க்கு அஃது ஆகாது. பாறை பிளக்கும் டைனமைட்டிற்குப் பயன்பட்ட அப்பொருளையே 1879-இல் வில்லியம் மர்ரெல் என்னும் ஆங்கில வைத்தியர் நெஞ்சுவலிக்கு மருந்தாகக் கண்டு எழுதினார்.

இவற்றையெல்லாம் கேட்டபின் என்னால் வாளாவிருக்க இயலவில்லை. மாத்திரையை நிறுத்திய செய்தியை அன்னையார் முன்னிலையிலேயே ஒப்புக்கொண்டேன். வைத்தியர் சினந்தாரல்லர். "பயண நாளில் வேளையை மாற்றலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அவ்வளவே. அன்னையார் ஒன்றும் கூறவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று.

நண்பர்காள்! முதியோர் நம்மிடம் இரகசியம் கூறுவது அன்பின் அடையாளந்தான். ஆயினும் மருந்தைப்பற்றிய இரகசியத்தைக் காப்பது அன்பாகாது. இப்பொழுது நாள்தோறும் காலையில் அம்மாத்திரையை யானே எடுத்துக் கொடுக்கின்றேன். பாட்டனார் முகஞ்சுளிக்கின்றார், எனினும் விழுங்கிவிடுகின்றார்.