செட்டிபாளையத்து விடைத்தாள்

செட்டிபாளையம் என்னும் ஊர் கோவையின் தென்புறத்தில் வாழ்பவர்கள் பலருக்கு முதலில் ஓர் ஒலியாகத்தான் அறிமுகமாகிறது. அங்குள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பெயருக்குரிய கரிவர்தன் லட்சுமி மில் குடும்பத்தவர். மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டியவர். 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நம்மூர் நரேன் கார்த்திகேயன், தொடக்க நாட்களில் ஓட்டியது அத்தகைய கார்களைத்தான். இவையெல்லாம் எங்களுக்குச் செய்தித்தாள் வழியாகத் தெரிந்தவை. ஆத்துப்பாலம் தாண்டி வேகமாகப் போனதில்லை என்று பெருமை பேசும் இரு கல்லூரி ஆசிரியர்கள், ஒருவர் தமிழ், ஒருவர் இயற்பியல், அந்த ஓடுதளத்தின் வாயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நிற்க நேர்ந்ததற்குக் காரணம் வேறு.

எங்கள் மாணவன் ஒருவனின் தந்தை சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவர். மகன் கேட்டானென்று தவணையில் ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கித் தந்துவிட்டார். பையன் இரவில் நண்பர்களோடு நீலாம்பூர் - மதுக்கரை புறவழிச்சாலைக்குப் போகிறான் என்பது பின்னர்தான் அவருக்குத் தெரிந்தது. துறைக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், “ஏனுங்க சார், வண்டிச் சத்தம் வாசல்ல கேக்கற வரைக்கும் தூக்கமில்லீங்க. உங்க பேச்சுன்னா கேப்பானுங்க” என்றார். எங்கள் பேச்சையும் அவன் கேட்கமாட்டான் என்பது எங்களுக்குத் தெரியும். ஓட்டாதே என்பதை விட்டுவிட்டு, ஓட்டக் கற்றுக்கொள் என்று சொல்லிப் பார்க்கலாம் என்று எங்களில் இயற்பியல்காரர்தாம் யோசனை சொன்னார்.

‘டிராக் டே’ என்பது பந்தயமன்று. கட்டணம் செலுத்தி, சொந்த வண்டியை மூடிய ஓடுதளத்தில் ஓட்டிப் பழகும் நாள். தோலாடையும் முழு ஹெல்மெட்டும் கட்டாயம். முகப்பு விளக்கின்மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டச் சொல்கிறார்கள். பின்பார்வைக் கண்ணாடிகளைக் கழற்றச் சொல்கிறார்கள். (பின்னால் வருகிறவனைப் பற்றிக் கவலைப்படாதே என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.) திறமைக்கேற்பக் குழுக்களாகப் பிரித்து, இருபது நிமிட அளவில் முறைவைத்து உள்ளே அனுப்புகிறார்கள். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தளம். ஒரு நேர்பாதை முடிந்தால் அடுத்தடுத்து வளைவுகள்தாம்.

பயிற்சியாளர் முன்பு பந்தயம் ஓட்டியவர், முப்பது வயதுக்காரர். பையனின் வண்டியின் பின்னிருக்கையில் தீப்பெட்டி அளவில் ஒரு ஜி.பி.எஸ். கருவியை ஒட்டினார். அது வினாடிக்குப் பத்து முறை வண்டியின் இடத்தையும் வேகத்தையும் குறித்துக்கொள்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடந்துவிடும் என்பதால், வினாடிக்கு ஒருமுறை மட்டும் குறிக்கும் கருவி இதற்கு உதவாது. வளைவின் கதை முழுவதும் இரண்டு புள்ளிகளுக்கிடையில் காணாமற்போய்விடும்.

முதல் முறை முடிந்ததும் பையன் கேட்ட முதல் கேள்வி, “டைம் எவ்வளவுண்ணா?” பயிற்சியாளர் சொல்லவில்லை. மடிக்கணினியையும் திறக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, தளத்தை வரைந்து எங்கே பிரேக் பிடித்தாய், எங்கே விட்டாய், எங்கே முறுக்கினாய் என்று குறிக்கச் சொன்னார். அவன் நம்பிக்கையோடு குறித்தான். அதன்பிறகே திரை திறந்தது.

நேர்பாதையில் அவனுடைய கோடு பயிற்சியாளரின் கோட்டைவிட ஒரு மயிரிழை உயரத்திலேயே இருந்தது. தைரியத்தில் குறைவில்லை. வளைவு நெருங்கும்போது வேகக்கோடு மலைச்சரிவாக விழுந்தது. பிறகு சமதளமாகச் சிறிது தூரம் கிடந்தது. அந்தச் சமதளம்தான் செய்தி. பிரேக்கும் இல்லை, முறுக்கலும் இல்லை. வண்டி அவனைச் சுமந்துகொண்டு சும்மா போயிருக்கிறது. அவன் தாளில் அந்த இடமே இல்லை. பிரேக் பிடித்த இடமும் சுற்றுக்குச் சுற்று பல மீட்டர் முன்பின்னாக இருந்தது. ஒரே இடம் என்று அவன் சத்தியம் செய்திருப்பான்.

எங்கள் இயற்பியல்காரருக்கு இங்கே கை பரபரத்தது. ஆரம் 30 மீட்டர் உள்ள வளைவில் 45 பாகை சாய்ந்தால் ஏறத்தாழ 62 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம்; பாதையின் முழு அகலத்தையும் பயன்படுத்தி அதே வளைவை 40 மீட்டர் ஆரமாக விரித்துக்கொண்டால், அதே சாய்வில் 71 போகலாம் என்று தாளின் மூலையில் கணக்குப் போட்டுக் காட்டினார். கூடுதல் ஒன்பது கிலோமீட்டர், கூடுதல் துணிச்சல் ஏதும் இல்லாமல். அடுத்து வருவது 400 மீட்டர் நேர்பாதை என்று வைத்துக்கொண்டால், அதைச் சராசரி 100-க்குப் பதில் 104-இல் கடப்பவன் அரை வினாடிக்கு மேல் மிச்சம் பிடிக்கிறான். நேரம் கிடைப்பது நேர்பாதையின் முடிவில் காட்டும் வீரத்தில் அன்று. அதற்குள் நுழையும் விதத்தில்.

அப்படியானால் எண்களே போதுமே, ஆசிரியர் எதற்கு? பயிற்சியாளர் அந்தச் சமதளத்தின்மேல் விரலை வைத்து ஒன்றுதான் கேட்டார்: “இங்க எங்க பாத்த, கண்ணு?” பையன் வெகுநேரம் யோசித்தான். “முன் சக்கரத்துக்கு முன்னாடி தார் ரோட்டத்தாண்ணா.” கண் எங்கே இருந்தது என்பதைக் கருவி பதியாது. எங்கே தவறியது என்று அது காட்டும். ஏன் என்பதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

கீத் கோடு என்ற அமெரிக்கர் 1980-இல் கலிஃபோர்னியா சூப்பர்பைக் பள்ளியைத் தொடங்கியவர். அந்தப் பள்ளியார் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்துக்கும் வந்து வகுப்பெடுத்திருக்கிறார்கள். கவனம் என்பது பத்து டாலர் போன்றது, அதற்குமேல் யாரிடமும் இல்லை, எதற்கு எவ்வளவு செலவிடுகிறாய் என்பதே ஓட்டம் என்பது அவர் எழுதியதன் சாரம். பயிற்சியாளர் இதைத் திருப்பூர்ப் பட்டுவாடாவாக மாற்றிச் சொன்னார்: சனிக்கிழமை கையில் வாங்கிய கூலியில் முக்கால் பங்கைப் பயத்துக்கே கொடுத்துவிட்டால் மீதி வாரத்துக்கு என்ன செய்வாய்?

அடுத்த முறை மூன்றாம் கியர் மட்டும், பிரேக்கைத் தொடக்கூடாது என்றார். இது அப்பள்ளிகளில் வழக்கமான பயிற்சிதான். பிரேக் இல்லையென்றால் வேகத்தை முன்கூட்டியே கணிக்க வேண்டும். கணிக்க வேண்டுமென்றால் தொலைவில் பார்த்தே ஆகவேண்டும். பையன் முகம் வாடிப் போனான், தெளிந்து வந்தான். அவன் தன் முழு வீரத்தோடு ஓட்டிய சுற்றுக்கும் பிரேக்கே தொடாத சுற்றுக்கும் வேறுபாடு மிகச் சிறிது. அதைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பில் கொஞ்சம் அவமானமும் இருந்தது.

எங்கள் தொழிலின் நினைவு வராமல் இருக்குமா? சுற்று நேரம் என்பது மதிப்பெண். கோடு என்பது விடைத்தாள். கல்லூரிகளில் இப்போது எண்களுக்குப் பஞ்சமில்லை. கற்றல் அடைவு இத்தனை விழுக்காடு என்று நிரப்பிக் கோப்பில் கட்டுகிறோம். ஆனால் திருத்திய விடைத்தாளை முன்னே வைத்து, இந்த வரியில் என்ன நினைத்தாய் என்று ஒரு மாணவனைக் கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. செட்டிபாளையத்தில், தகரக் கொட்டகையின் கீழ், பெட்ரோல் வாசனையில் அது நடந்துகொண்டிருந்தது.

இது இந்த மண்ணுக்குப் புதிதுமன்று. ஆங்கில அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கிய ஜி.டி. நாயுடு, கோவையில் உணவு விடுதியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கினார் என்பதும், வாங்கியதைக் கழற்றிப் போட்டு மீண்டும் பூட்டினார் என்பதும் இங்கே எல்லோரும் சொல்லும் கதை. ஓட்டுவதைவிடக் கழற்றிப் பார்ப்பதில் ஆசை கொண்ட ஊர் இது. கோடும் ஒருவகைக் கழற்றல்தான். ஓட்டியவனையே கழற்றிப் பரப்பி வைக்கிறது.

தளத்தில் பழகினால் சாலையில் பொறுப்பு வந்துவிடும் என்று ஆர்வலர்கள் சொல்வதை நாங்கள் அப்படியே ஏற்கவில்லை. கற்ற வேகமும் கூடவே வீட்டுக்கு வரும். தளத்தில் எதிரே லாரி வருவதில்லை. வளைவுக்கு அப்பால் மணலோ நாயோ இருந்தால் கொடி காட்ட ஆள் நிற்கிறான். பயிற்சியாளரும் இதை அறிந்தவர். மாலையில் கருவியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, கைப்பிடியில் பூட்டியிருந்த செல்போன் தாங்கியையும் கழற்றச் சொன்னார். “எண்ணு கண்ணுல பட்டா கை அத முந்தப் பாக்கும். வாசலுக்கு வெளிய எண்ணு வேண்டாம்.”

பையன் மறுத்துப் பேசவில்லை. புறவழிச்சாலையைப் பற்றி நாங்களும் கேட்கவில்லை. அவனாகவே, “அங்க இருட்டுல தூரமாப் பாக்கறதுக்கே ஒண்ணுமில்லீங்க ஐயா” என்றான்.

இரண்டு வாரம் கழித்து அவனுடைய தந்தையைச் சோமனூர்ப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தோம். இப்போது எப்படி என்று கேட்டோம். “பத்து மணிக்கெல்லாம் வந்தர்றானுங்க” என்றார். பிறகு தறிக்காரர்களுக்கே உரிய உரத்த குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “எனக்குத்தானுங்க இன்னும் தூக்கம் வர மாட்டேங்குது.”