மகிழ்ச்சியும் உந்துதலும்

1979-ஆம் ஆண்டில், பேராக் மாநிலத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 'கார்' என்பதற்கு நல்ல தமிழில் என்ன பெயர் என்று ஒருவன் எழுந்து கேட்டான். கேட்கமாட்டானா என்று காத்திருந்தவனைப் போல், 'மகிழுந்து' என்று கரும்பலகை நிறைய எழுதினேன். மகிழ் என்பதும் உந்து என்பதும் சேர்ந்த சொல் இது. அமர்ந்து மகிழ்ந்து செல்வதற்குரிய ஊர்தி. முக்காலமும் தொக்கு நிற்பதால் வினைத்தொகை என்று விளக்கிவிட்டு, மனநிறைவோடு சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தேன்.

அன்று பிற்பகல் பள்ளி விட்டது. மாமர நிழலில் நின்றிருந்த என் மோரிஸ் மைனர் உயிர்பெற மறுத்தது. பேட்டரி ஓய்ந்துவிட்டது. முன்புறம் நுழைத்துச் சுழற்றுவதற்கென்று வண்டியோடு வந்த இரும்புக் கம்பியை வீட்டில் விட்டு வந்திருந்தேன். காலையில் பாடம் கேட்ட மாணவர்கள் ஆறு பேர் பின்னால் கூடி, செம்மண் பாதையில் பள்ளி வாயில் வரை அதைத் தள்ளினர். வண்டி இருமிக்கொண்டு கிளம்பியபோது, வியர்வை வழிய நின்ற அந்த மாணவன் சன்னல் அருகே வந்து, "ஐயா, உந்துவது நாங்கள், மகிழ்வது நீங்களா?" என்றான். வினைத்தொகையில் காலம் மறைந்திருக்கும் என்று கற்பித்தவன் நான். எழுவாயும் மறைந்திருக்கும் என்று அவன் எனக்குக் கற்பித்தான்.

அந்த வண்டியை அதற்கு முந்திய ஆண்டில்தான் ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி ஒருவரிடமிருந்து வாங்கினேன். 1960-ஆம் ஆண்டு வண்டி. வெளிர் சாம்பல் நிறம். பள்ளிக்கும் வீட்டுக்கும் போய்வர ஒரு வண்டி வேண்டும் என்பதே அப்போதைய எண்ணம். பழைய வண்டியைப் பேணுவது ஒரு பொழுதுபோக்கு என்பதோ, அது மனிதனை இப்படிப் பிடித்துக்கொள்ளும் என்பதோ எனக்குத் தெரியாது. பொழுது போவதற்காகத் தொடங்கியதன்று. தொடங்கிய பிறகு பொழுதெல்லாம் அதிலேயே போயிற்று.

மோரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பவர். 1906-இல் ஸ்மிர்னா நகரில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். 1948-இல் இலண்டன் கண்காட்சியில் இவ்வண்டி முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. அதற்கு முன் முன்மாதிரியைப் பார்த்த இசிகோனிசுக்கு அதன் அகலம் போதவில்லை என்று பட்டது. வண்டியை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் கூடியபோது இதுதான் சரி என்றார். முன்மூடியின் நடுவே ஓடும் அகன்ற பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம். தொழிற்சாலையின் அதிபரான நஃபீல்டு பிரபுவோ, வெந்த முட்டை போலிருக்கிறது என்று எள்ளினாராம். 1971 வரை ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் உருவாயின. நம் நாட்டுத் தோட்டத்துச் சாலைகளிலும் மருத்துவமனை வாயில்களிலும் பள்ளி வளாகங்களிலும் ஒரு காலத்தில் நின்றவை அவற்றுள் சில.

என்னுடையதில் 948 கன சென்டிமீட்டர் எந்திரம். ஆற்றல் 37 குதிரைத்திறன். இன்றைய இளைஞர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் மூடியைத் திறந்தால் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். சாவியைத் திருப்பியவுடன் பெட்ரோல் ஏற்றும் மின்பம்பு 'டிக், டிக், டிக்' என்று ஒலிக்கும். கார்புரேட்டரின் கிண்ணம் நிரம்பியதும் ஒலி அடங்கும். அடங்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் தீர்ந்தது என்று பொருள். ஒலியே எழாவிட்டால் பம்பினுள் மின்தொடுமுனை ஒட்டிக்கொண்டது என்று பொருள். திருப்புளியின் பிடியால் ஒரு தட்டுத் தட்டினால் விழித்துக்கொள்ளும். இந்த இலக்கணத்தை என் மாணவர்கள் நன்னூலைவிட விரைவாகக் கற்றுக்கொண்டார்கள் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமைகள் எனக்கு இனித்தன. டிஸ்டிரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளேயிருக்கும் தொடுமுனைகளின் இடைவெளியைத் தகட்டுக்கோலால் அளப்பேன். 0.015 அங்குலம் இருக்கவேண்டும். கூடினாலும் குறைந்தாலும் எந்திரம் திக்கும். தைப்பிங் மழைக்குப் பெயர்போன ஊர். அந்த ஈரம் மூடியினுள் படிந்துவிட்டால் மின்பொறி வழிதவறும். அதற்கென்றே வண்டியில் உலர்ந்த துணி ஒன்று எப்போதும் வைத்திருந்தேன். முன்சக்கர மூட்டுகளுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் ஏற்றவேண்டும். அதை மறந்தவர்களின் வண்டிகள் ஒரு நாள் நடுச்சாலையில் சக்கரம் மடிந்து மண்டியிட்டதுண்டு. கார்புரேட்டரின் குடுவையில் சில சொட்டு எண்ணெய் விடவேண்டும். பிறகு ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காற்று நுழையும் வாயருகிலும் வைத்து, மருத்துவர் நெஞ்சொலி கேட்பதுபோல் கேட்டிருப்பேன். என் மனைவி சமையலறைச் சன்னல் வழியே பார்த்து, "என்ன நோயாம்?" என்பாள்.

உறுப்புகளுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் பித்தும் எனக்கு அக்காலத்தில் இருந்தது. திரும்பும் திசையைக் காட்டக் கதவுத்தூணிலிருந்து ஒரு சிறு கை வெளியே நீண்டு, மஞ்சள் ஒளி வீசும். அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நான் அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்க, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "கைகாட்டி" என்று சொல்லிவிட்டு ஓடினாள். தொடர்வண்டிப் பாதையருகே குடியிருந்தவள் அவள். தைப்பிங்கில் நான் நாடிப்போன பட்டறையிலோ மொழி வேறு. அதன் முதலாளியான சீன முதியவர் எந்திரத்தை ஒரு கணம் கேட்டுவிட்டு, "மின்யாக் தாக் நயிக்" என்பார். பெட்ரோல் ஏறவில்லை என்பது அதன் பொருள். மலாய் அவருக்கும் தாய்மொழியன்று, எனக்கும் அன்று. இருவரும் அந்தப் பொதுமொழியில்தான் ஒரு வண்டியின் உடல்நலத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் பேசினோம். சொல்லாக்கக் குழுவில் அவர் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் பாதி வேலை குறைந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

இவ்வளவும் பெருமை. இனிச் சொல்லவேண்டியது வேறு.

இவ்வண்டியின் பிரேக்கை இயக்கும் தலைமை உருளை ஓட்டுநரின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே, சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. மிதிகட்டையை அழுத்தினால், அவ்வுருளைக்குள் ஒரு சிறு ரப்பர்க் கிண்ணம் எண்ணெயை முன்னே தள்ளும். எண்ணெய் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று பிரேக்கை இறுக்கும். நான்குக்கும் ஒரே உருளை. ஒன்று தவறினால் நான்கும் தவறும். அதைக் கழற்றுவதோ பெருந்தொல்லை. மரையாணிகளை வெளியே இழுக்க முடியாமல் முன்சக்கரத்தைத் தாங்கும் முறுக்குத்தண்டு குறுக்கே நிற்கும். ஒரு நாள் முழுதும் வண்டிக்கடியில் கிடக்கவேண்டும்.

1983-இல் சில வாரங்களாக மிதிகட்டை வழக்கத்தைவிடச் சற்றுத் தாழ்வதை என் கால் உணர்ந்தது. தரைவிரிப்பை நீக்கி, மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றினேன். சரியாயிற்று. பத்து நாளில் மீண்டும் தாழ்ந்தது. மீண்டும் ஊற்றினேன். அந்தச் சனிக்கிழமைகளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? முன்தடுப்பின் வெள்ளிப்பூச்சைத் துடைத்து மெருகேற்றிக்கொண்டிருந்தேன். உறவினர் வீட்டுத் திருமணம் வந்துகொண்டிருந்தது. வண்டி மின்னவேண்டும் என்பது என் கவலை.

திருமணம் கோலகங்சாரில். தைப்பிங்கிலிருந்து அங்குச் செல்ல அன்று புக்கிட் பெராபிட் மலைவழிச் சாலைதான். மனைவி எட்டு மாதக் கைக்குழந்தையுடன் பக்கத்தில் அமர்ந்திருந்தாள். ஏற்றத்தை மோரிஸ் மைனர் பொறுமையாக ஏறியது. உச்சி கடந்து பாடாங் ரெங்காஸ் பக்கம் இறங்கும்போது முன்னால் மரம் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. மிதிகட்டையை அழுத்தினேன். அது தரையைத் தொட்டது. மீண்டும் மீண்டும் மிதித்தேன். வெற்றிடத்தை மிதிப்பதுபோல் இருந்தது. மூன்றாம் கியருக்கும் பிறகு இரண்டாம் கியருக்கும் மாற்றினேன், எந்திரம் அலறியது. பின்சக்கரங்களை மட்டும் பற்றும் கைபிரேக்கை முழு வலிமையோடு இழுத்தபடி, இடப்புறச் சக்கரங்களைச் சாலையோரப் புல்மேட்டில் ஏற்றினேன். வண்டி சாய்ந்து, உரசி, நின்றது. லாரியின் மரங்களில் கட்டியிருந்த சிவப்புத் துணி எங்களுக்கு முன்னால் ஆடிக்கொண்டே வளைவில் மறைந்தது.

மனைவி ஒன்றும் பேசவில்லை. குழந்தையோடு இறங்கி நிழலுக்குச் சென்று நின்றாள். நெடுநேரம் கழித்து, "இது உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அந்த மலைச்சரிவைவிட அந்த ஒரு சொல்லே எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

பட்டறை முதியவர் வண்டியை இழுத்துவந்து கொடுத்தார். உருளையை நானே கழற்றுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அதைத் தண்டனையாக ஏற்றுக்கொண்டேன் போலும். வீட்டு முற்றத்தில் ஒரு பகல் முழுதும் துருவும் சேறும் முகத்தில் உதிரக் கிடந்து, மாலையில் அதை வெளியே எடுத்தேன். பிரேக் எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புண்டு. ஈரம் உள்ளே சேர்ந்து உருளையின் சுவரை அரித்துச் சொரசொரப்பாக்கியிருந்தது. அச்சொரசொரப்பு ரப்பர்க் கிண்ணத்தைத் தின்றிருந்தது.

அப்போது என் தந்தையார் எங்களோடு இருந்தார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். வண்டிகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது; வாழ்நாளில் பெரும்பகுதி துரையின் வண்டிக்கு வழிவிட்டு ஓரம் நின்றவர். முற்றத்துப் பலகையில் வந்தமர்ந்து, அந்தக் கிண்ணத்தை எடுத்தார். கட்டைவிரல் அகலமே உள்ள கருப்புப் பொருள். விரல்களுக்கிடையில் உருட்டினார், மடக்கினார், முகர்ந்தார்.

"இது ரப்பரா?"

"ஆம், அப்பா. இங்கிலாந்திலிருந்து வருகிறது."

அவர் சிரித்தார். "நாம் அனுப்பியது, திரும்பி வந்திருக்கிறது" என்றார். செயற்கை ரப்பராகவும் இருந்திருக்கலாம். நான் மறுத்துப் பேசவில்லை. பிறகு விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒரே நாளில் கிழிந்த கிழிசல் இல்லை, தம்பி. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கிறது. பல நாளாகவே சொல்லியிருக்குமே?" என்றார்.

மனைவி வாசற்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. நான் தலைநிமிரவில்லை. "சொல்லிற்று" என்றேன். கீரைத்தட்டை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே சென்றாள்.

அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவள் அவ்வண்டியில் ஏறவில்லை. சண்டையில்லை, சாடையில்லை, பேருந்தில் சென்றாள். புதிய உருளையும் புதிய கிண்ணங்களும் பொருத்தினேன். நான்கு சக்கரங்களிலும் உள்ள சிறு உருளைகளையும் மாற்றினேன். 1985-இல் புரோட்டோன் சாகா வெளிவந்தபோது உடன்பணியாற்றிய ஆசிரியர்கள் சிலர் கடன்பெற்று வாங்கினர். மோரிஸ் மைனரை விற்றுவிடலாம் என்று நானே ஒரு முறை சொன்னேன். "விற்றால் வாங்குகிறவனிடம் எல்லாவற்றையும் சொல்லி விற்கவேண்டும்" என்றாள். அதற்கு மேல் அப்பேச்சு நகரவில்லை.

அந்த ஆண்டின் இறுதியில், மழை கொட்டிய ஓர் இரவில் மகளுக்குக் காய்ச்சல் கடுமையாயிற்று. பேருந்து இல்லாத நேரம். நான் குடையோடு வெளியே ஓடி, அந்த உலர்ந்த துணியால் டிஸ்டிரிபியூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். தன் பக்கம் போகாமல் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். வண்டி ஓட்டத் தெரியாதவள். ஒரு காலை உள்ளே நீட்டி, மிதிகட்டையை அழுத்தினாள். அழுத்தியபடியே சற்று நேரம் நின்றாள். அது தாழவில்லை. பிறகு சுற்றிவந்து தன் இருக்கையில் அமர்ந்தாள்.

நான் பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகளாகின்றன. அந்த மகளுக்கே இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டில் விற்பனையிலிருந்து மறைந்தபோது, வால்வுகளின் இருக்கைகளைக் கடினமானவையாக மாற்றியமைத்தேன். பட்டறை முதியவர் மறைந்துவிட்டார். கைகாட்டியின் சிறு விளக்குக்கும் கதவு ரப்பருக்கும் இன்றும் இங்கிலாந்துக்குத்தான் எழுதவேண்டியிருக்கிறது. ஞாயிறு காலைகளில் தைப்பிங் ஏரிக்கரையை ஒருமுறை சுற்றிவருவோம். மழைமரங்களின் கிளைகள் சாலையைத் தாண்டித் தண்ணீரைத் தொட வளைந்திருக்கும் இடத்தில் வேகத்தைக் குறைப்பேன்.

புறப்படுமுன் நான் சாவியைத் திருப்புவேன்; பம்பு 'டிக், டிக்' என்று ஒலித்து அடங்கும். கதவைத் திறந்து நான் சற்று விலகி நிற்பேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, வலக்காலை உள்ளே நீட்டி, மிதிகட்டையை ஒருமுறை அழுத்திப் பார்ப்பாள்.