தேய்க்கக் கூடாத ஊசி

சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் தெருமுனை டிஸ்பென்சரிக்குத்தான் போவோம். ஊசி போட்ட இடத்தில் கம்பவுண்டர் பஞ்சை வைத்து அழுத்தித் தேய்ப்பார். "தேய்ச்சாத்தான் பாப்பா மருந்து இறங்கும்." நரம்புறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்காக கிளாட்டிராமர் ஊசியை நானே போட்டுக்கொள்ள ஆரம்பித்தபோது நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னது, தேய்க்கவே கூடாது என்று. தோலுக்கடியில் போடுகிற மருந்து அது.

போட்ட கொஞ்ச நேரத்தில் தேனீ கொட்டியதுபோல் எரியும். பிறகு சிவந்து தடிக்கும், அரிக்கும். கை தானாக அங்கே போகும். கை கால் மரத்துப்போவதை டாக்டர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். தோலை யாரும் கேட்கவில்லை. அரிப்பு தாங்காமல் ஊசியையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதைச் சில்லறைத் தொல்லை என்று ஒதுக்குவதை என்னால் ஏற்கவே முடியாது.

தோலைக் கேட்டது அம்மாதான். அவளுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறாள். ஃப்ரிட்ஜ் கதவில் அவள் மருந்தும் என் மருந்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். என்னுடையதை இருபது நிமிடம் முன்னாலேயே வெளியே எடுத்து வைத்துவிடுவாள். சில்லென்று ஏற்றினால் எரிச்சல் கூடும். தினசரி காலண்டர் தாளில் "வ.தொடை", "இ.வயிறு" என்று எழுதுவாள், போட்ட இடத்திலேயே மறுபடி போடாமலிருக்க. ஒரே இடத்தில் குத்திக் குத்தி அவள் வயிற்றில் கொழுப்புக் கட்டிகள் திரண்டிருந்தன. எனக்கோ தலைகீழ்: தொடையில் கொழுப்பு கரைந்து பள்ளம் விழுந்தது. கட்டி, குத்தும் இடத்தை மாற்றினால் மெல்ல அமுங்குமாம். பள்ளம் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும் என்றார்கள். அன்று அம்மா என்னைவிட அதிகம் அழுதாள்.

ஆனாலும் இந்த மருந்தின் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. அது பிறந்த கதை அப்படி. 1960களில் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் செலா, ரூத் அர்னோன், டுவோரா டைட்டல்பாம் மூவரும் நரம்புறைப் புரதத்தைப் போல ஒன்றைச் செயற்கையாகச் செய்து, விலங்குகளுக்கு இதே போன்ற நோயை உண்டாக்கப் பார்த்தார்கள். அதுவோ நோயைத் தடுத்தது! அமெரிக்காவில் 1996இல் மருந்தாக அனுமதி பெற்றது. தினமும் 20 மில்லிகிராம் என்றிருந்தது, 2014இல் வாரம் மூன்று முறை 40 என்றும் வந்தது. அதற்கு மாறிய பிறகு என் தோலுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. கை மட்டும் இன்றும் பஞ்சைத் தேடுகிறது. கம்பவுண்டர் பழக்கிய பழக்கம்.

போன மாதம் உறவில் ஒரு பெண்ணுக்கு இதே ஊசியை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "வலிக்குமா அத்தை?" என்றாள். வலிக்கும் என்றேன். சிவப்பும் அரிப்பும் வந்தால் பயப்படாதே, ஆனால் தோல் கறுத்தாலோ, புண்ணானாலோ, மூச்சு முட்டினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் தொடையையும் வயிற்றையும் காட்டு, அவர் கேட்காவிட்டாலும் காட்டு என்றேன்.