ஆடிட்டர் வீட்டுக் கம்ப்யூட்டர்

28 அக்டோபர் 2019, திங்கள்

காலையிலேயே தி. நகர் ஆடிட்டர் சாரிடமிருந்து போன். தீபாவளி ராத்திரி 2 மணிக்கு அவர் மொபைலுக்கு பேங்க் ஓடிபி அடுத்தடுத்து இரண்டு தடவை வந்திருக்கிறது. "நான் தூங்கிண்டிருந்தேன்ப்பா, கேட்டது யாரு?" என்கிறார். பணம் போகவில்லை. ஓடிபி மட்டும் இல்லாவிட்டால் போயிருக்கும்.

மயிலாப்பூரிலிருந்து வண்டியை எடுத்தேன். பாண்டி பஜாரில் நடைபாதை வேலை இன்னும் முடியவில்லை, சுற்றித்தான் போகவேண்டியிருந்தது.

விண்டோஸ் 7 மெஷின். வாரக்கணக்கில் அணைக்கவே இல்லையாம். டேக்ஸ் ஆடிட்டுக்குக் கடைசித் தேதியை செப்டம்பர் 30லிருந்து அக்டோபர் 31க்குத் தள்ளியிருக்கிறார்கள். அந்த 31 இதோ வந்துவிட்டது. "ஆண்டிவைரஸ் போட்டிருக்கேனே" என்றார். போட்டிருக்கிறார்தான். மூலையில் இருக்கவேண்டிய அதன் ஐகானைக் காணோம்.

இந்த மாதிரி நேரத்தில் முதலில் நெட் வயரைப் பிடுங்கு என்பார்கள். நான் அதற்குமுன் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வது வழக்கம். பிரவுசர் எல்லாவற்றையும் மூடிவிட்டு நெட்ஸ்டாட் கட்டளை கொடுத்தேன். யாரும் எதையும் திறந்திருக்காதபோது, ஏதோ ஒரு வெளிநாட்டு முகவரியோடு ஒரு இணைப்பு நிலையாக நின்றது. அதன் பிராசஸ் எண்ணோடு சேர்த்து மொபைலில் படம் பிடித்துக்கொண்டு, பிறகு வயரைக் கழற்றினேன்.

அந்த எண்ணுக்குரிய பெயர் எஸ்விசிஹோஸ்ட். விண்டோஸில் அந்தப் பெயரில் பத்துப் பன்னிரண்டு ஓடுவது சகஜம், எல்லாம் சிஸ்டம்32 ஃபோல்டரிலிருந்து கிளம்பும். இது மட்டும் சார் பெயரிலுள்ள ஆப்டேட்டா ரோமிங்குக்குள் உட்கார்ந்திருந்தது. விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது.

என்னைக் கலங்கடித்தது வேறு. யுஎஸ்பி ஹப்பில் வரிசையாக டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள், எல்லாம் கிளையண்ட்களுடையவை. ஒவ்வொன்றிலும் பின் நம்பர் எழுதிய சின்னச் சீட்டு. இந்த ஊரில் முக்கால்வாசி ஆடிட்டர் ஆபீஸில் இதுதான் நடைமுறை, சாரைத் தனியாகக் குறை சொல்ல முடியாது. டோக்கனுக்குள் இருக்கும் சாவியை யாரும் நகலெடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அது செருகியிருக்கும்போது, பின் தெரிந்தவன் எங்கிருந்து வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம். எல்லாவற்றையும் கழற்றி பீரோவில் வைக்கச் சொன்னேன். பேங்க், மெயில், வருமானவரி போர்ட்டல் பாஸ்வேர்டுகளை அவர் மனைவியின் மொபைலிலிருந்து மாற்றினோம்.

29 அக்டோபர், செவ்வாய்

விடிகாலையில் அந்தச் செய்தி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமையிலிருந்து ஊரே குழந்தை விழுந்த நடுக்காட்டுப்பட்டி ஆழ்துளைக் கிணற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சார் வீட்டிலும் டிவி ஓடியது. அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்கள்.

"அந்த ஃபைலை டெலீட் பண்ணிட்டா ஆச்சே?" என்றார் சார். சரி, பண்ணிக் காட்டுகிறேன் என்றேன். மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ் என்னும் கருவியைப் பென்டிரைவில் எப்போதும் வைத்திருப்பேன். கம்ப்யூட்டர் கிளம்பும்போது தானாக எழுந்து ஓடுகிறவை அத்தனையையும் ஒரே பட்டியலில் போடும். அதில் 'ஜாவா அப்டேட்' என்ற பெயரில் ஒரு டாஸ்க். டிஜிட்டல் கையெழுத்துக்கு வேண்டும் என்று எல்லா ஆடிட்டரும் ஜாவா வைத்திருப்பார்கள், அதனால் அந்தப் பெயரில் யார் கண்ணும் நிற்காது. இதை எழுதியவன் யாருக்கு வலை விரிக்கிறோம் என்று தெரிந்தே விரித்திருக்கிறான். அதுவும் அதே ரோமிங் ஃபோல்டரைத்தான் கைகாட்டியது. டாஸ்க்கையும் ஃபைலையும் நீக்கி ரீஸ்டார்ட் செய்தேன். இரண்டும் திரும்ப வந்து நின்றன. எங்கோ மூன்றாவதாக ஒன்று இருந்துகொண்டு இவற்றை மறுபடி நட்டுவைக்கிறது.

ரெஸ்க்யூ டிஸ்க்கில் பூட் செய்து பார்த்ததில் ஒரு சர்வீஸும் அதன் டிஎல்எல்லும் அகப்பட்டன. நான்காவது கிடையாது என்று யார் உத்தரவாதம் தருவது? சாரிடம் சொல்லிவிட்டேன்: பழைய ஹார்டு டிஸ்க்கை அப்படியே கழற்றி எடுத்து வைப்போம், புது டிஸ்க்கில் புது விண்டோஸ். எப்படியும் ஜனவரி 14க்குப் பிறகு விண்டோஸ் 7க்கு அப்டேட் கிடையாது. 31ஆம் தேதியை நினைத்து முகம் சுருங்கினாலும் ஒத்துக்கொண்டார்.

வந்த வழியும் கிடைத்தது. டவுன்லோட்ஸில் 'நோட்டீஸ்' என்று பிடிஎஃப் படம் போட்ட ஒரு ஃபைல். விண்டோஸ் மறைத்துவைக்கும் கடைசி மூன்று எழுத்தைக் காட்டச் சொன்னால், இஎக்ஸ்இ. தேதி செப்டம்பர் இரண்டாவது வாரம். ஃபைல் தேதியை மாற்றுவது சுலபம், ஆனாலும் அதைக் கொண்டுவந்த மெயிலின் நாளோடு பொருந்துகிறது. ஃபைலின் கைரேகை மாதிரியான ஹேஷ் எண்ணை மட்டும், சந்தேக ஃபைல்களைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் போட்டுப் பார்த்தேன். அங்கே ஃபைலையே ஏற்றுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. ஏற்றியதை மற்ற ஆய்வாளர்களும் இறக்கிக்கொள்ள முடியும் என்பதை நினைப்பதில்லை.

ட்விட்டரில் நேற்றிலிருந்து ஓடுவதும் அதே வைரஸ்டோட்டல் கதைதான். டிட்ராக் என்கிற உளவு மால்வேரின் ஒரு மாதிரி அங்கே ஏறியிருக்கிறது, அதற்குள் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நெட்வொர்க் பெயரே எழுதியிருக்கிறது. தட்டச்சு செய்வதைப் பதிவது, பிரவுசர் வரலாற்றை எடுப்பது, டிஸ்க்கில் என்னென்ன ஃபைல் என்று பட்டியல் போடுவது எல்லாம் டிட்ராக்கின் வேலை என்று போன மாதம்தான் காஸ்பர்ஸ்கி எழுதியிருந்தது. வடகொரியாவின் லாசரஸ் கும்பலோடு அதை முடிச்சுப் போட்டிருந்தார்கள். கூடங்குளம் தரப்பில் இன்று மறுப்பு: கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, இணையத்தோடு தொடர்பில்லை, அவற்றின் மேல் தாக்குதல் சாத்தியமே இல்லை. அணுஉலைக்குள் வைரஸ் புகுந்ததா என்ற கேள்விக்கு இது பதில். ஆபீஸ் கம்ப்யூட்டரில் புகுந்ததா என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

30 அக்டோபர், புதன்

ரிச்சி தெருவில் பாதிக் கடை இன்னும் தீபாவளி லீவு. திறந்திருந்த கடையில் எஸ்எஸ்டி வாங்கிவந்து விண்டோஸ் 10 ஏற்றினேன். பழைய டிஸ்க்கை விண்டோஸில் மாட்டவில்லை. பென்டிரைவிலிருந்து உபுண்டு ஓடவிட்டு, அதன் வழியாக டாலி ஃபோல்டர், எக்ஸெல், பிடிஎஃப் மட்டும் எடுத்தேன். இஎக்ஸ்இ ஒன்றையும் தொடவில்லை. மேக்ரோ உள்ள எக்ஸெல்களைத் தனியே ஒதுக்கியபோது சார் லேசாக முனகினார். அதில் ஒன்று அவர் வருடக்கணக்காக வளர்த்த டெப்ரிசியேஷன் ஷீட். பார்முலாக்களைப் புது ஷீட்டில் மறுபடி போட, சாரிடம் சி.ஏ. பயிற்சியிலிருக்கும் ஆர்ட்டிகிள்ஸ் பையன் ராத்திரி வரைக்கும் உட்கார்ந்தான்.

கூடங்குளம் விஷயத்தை இன்று அணுமின் கழகமே ஒப்புக்கொண்டுவிட்டது. மால்வேர் இருந்தது உண்மை. செப்டம்பர் 4 அன்றே அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தகவல் சொல்லியிருக்கிறது. நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த நெட்வொர்க்கில் இருந்த ஒருவரின் கம்ப்யூட்டர் அது, முக்கிய உள் நெட்வொர்க்குக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் உளவு பார்க்க வந்தவனுக்கு உலையின் பொத்தான் எதற்கு? யார் எந்தப் பொறுப்பில் இருக்கிறார், யாருக்கு என்ன கடிதம் எழுதுகிறார் என்பதெல்லாம் அந்த நிர்வாகக் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். சார் மெஷினிலும் அதே கதை. பேங்க் பணம் தப்பித்தது என்று அவருக்கு நிம்மதி. கிளையண்ட்களின் பான், ஆதார், பேலன்ஸ் ஷீட் எல்லாம் அந்த மெஷினில்தான் இருந்தன. இதைச் சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டார்.

31 அக்டோபர், வியாழன்

டோக்கன்களின் பின் எல்லாம் புது மெஷினில் மாற்றியாயிற்று. சீட்டுகளைச் சாரே கிழித்தார். கையெழுத்துப் போடும்போது மட்டும் செருகுவது, உடனே கழற்றுவது என்று ஏற்பாடு. மெயிலில் ஒரு ஃபில்டர் கண்ணில் பட்டது, பேங்க் மெயில்கள் வந்தால் நேரே ட்ராஷுக்கு. நான் வைக்கவில்லை என்கிறார் சார். பாஸ்வேர்டை மாற்றினாலும் ஃபில்டர் போகாது, அதைத் தேடித்தான் நீக்கவேண்டும். எல்லா டிவைஸ்களிலிருந்தும் வெளியேறு என்பதையும் அழுத்தினேன்.

கடைசி ரிப்போர்ட் ஏறும்போது ராத்திரி மணி பத்தரை.

1 நவம்பர், வெள்ளி

அடையாறு காந்தி நகரில் ஆர்ட்டிகிள்ஸ் பையன் வீடு. அவன் லேப்டாப்பும் சார் மெஷினும் ஒரே பென்டிரைவைப் பங்கு போட்டவை. ஆட்டோரன்ஸ், நெட்ஸ்டாட், ஆஃப்லைன் ஸ்கேன், எல்லாம் ஓட்டினேன். எதுவும் அகப்படவில்லை. 'சுத்தம்' என்று எழுதித் தாருங்கள் அண்ணா, சாரிடம் காட்டவேண்டும் என்றான். 'எதுவும் அகப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

2 நவம்பர், சனி

சாரே கூப்பிட்டார். ராத்திரியெல்லாம் யோசித்தாராம், கிளையண்ட்களிடம் சொல்லிவிடப் போகிறார். என்ன சொல்வது என்று கேட்டார். எந்த மாதத்திலிருந்து, என்னென்ன ஆவணங்கள், அவர்கள் என்ன செய்யவேண்டும் என்று மூன்றும் சொல்லுங்கள், 'பயப்பட ஒன்றுமில்லை' என்பதை மட்டும் சொல்லாதீர்கள் என்றேன். புது டோக்கன் வாங்குகிற செலவைத் தானே ஏற்பதாகவும் சொல்லப்போகிறாராம்.

மத்தியானம் பில் வாங்கப் போனபோது போனில்தான் இருந்தார். ஒருவர் கத்தினாராம், ஒருவர் நன்றி சொன்னாராம். உஸ்மான் ரோடு பாத்திரக்கடைக்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி சார், நம்ம ஆடிட் ரிப்போர்ட் டயத்துக்கு ஏறிடுச்சில்ல?" என்றாராம்.