ஜார் அரங்கேற்றிய மன்னிப்பு

மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் மலிவு விலை நூல்களில் ருஷ்யாவைக் கண்டவர்கள் நாம். அந்நாவல்களில் ஜார் பெரும்பாலும் தொலைவில் விழும் நிழல்தான். முதலாம் நிக்கலாய் அப்படியல்ல; 1826இல் புஷ்கினை வரவழைத்து, இனி அவருக்குத் தணிக்கையாளர் தாமே என அறிவித்தவர். எழுத்தின் வலிமையை அறிந்த வாசகர் என்றே சொல்லவேண்டும் (வேறென்ன சொல்ல?).

பழைய நாட்காட்டிப்படி 1849 டிசம்பர் 22. பீட்டர்ஸ்பர்க்கின் செம்யோனவ் சதுக்கத்தில் மூவர் கம்பங்களில் கட்டப்பட்டிருந்தனர். துப்பாக்கிகள் உயர்ந்தன. அடுத்த மூவரில் தஸ்தயேவ்ஸ்கி. அப்போதுதான் ஜாரின் கருணை வாசிக்கப்பட்டது. தண்டனையோ முன்பே குறைக்கப்பட்டிருந்தது. அதைக் கடைசிக் கணம்வரை மறைத்ததும் மன்னரின் ஆணையே. தஸ்தயேவ்ஸ்கிக்கு ஓம்ஸ்க் சிறையில் நான்காண்டுக் கடுங்காவல்.

நண்பர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் 'மன்னிப்பு' என்ற சொல்லையே வெகுகாலம் கூச்சமின்றிப் பயன்படுத்தி வந்தோம். ஜார் எழுதிய வசனத்தை நாமும் ஒப்பித்திருக்கிறோம்.

அதைவிடச் சங்கடம், பிற்காலத் தஸ்தயேவ்ஸ்கி ஜாராட்சியை மனமார ஆதரித்தது. 1881 தொடக்கத்தில் அவர் மறைந்தார். சில வாரங்களில், 1861இல் பண்ணையடிமைகளை விடுவித்த இரண்டாம் அலெக்சாந்தர் வெடிகுண்டுக்குப் பலியானார். அச்செய்தியைக் கேட்டிருந்தால் அவர் யாருக்காக அழுதிருப்பார்? ஜாருக்காகத்தான் என்று தோன்றுகிறது. அந்த இடத்தில் அவரோடு சேர்ந்து அழ நமக்கு இன்னும் மனம் வரவில்லை.